ஏழு நிமிஷ லாபம்

கிளிப்பச்சைத் தூண் வேண்டாம், மாம்பழ மஞ்சளில் பார்க்கலாம் என்று வெள்ளையம்மாள் சொல்லி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. வீட்டுப் படம் போடும் மாறனின் கம்ப்யூட்டர் நாற்பத்து நான்கு சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?" என்று கேட்டார் அவருடைய கணவர் சகாதேவன்.

"ஒரு இருபத்தஞ்சு நிமிஷம்ங்க ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவால்ல, பரவால்ல. மெதுவாவே வரட்டும்."

அந்த 'மெதுவாவே' மாறனுக்குச் சுருக்கென்று தைத்தது. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டான். வேறு எப்படி நினைப்பது? முகம் மட்டும் சாந்தமாகத்தான் இருந்தது. கோபத்தை வெளியே காட்டாத மனிதர்களிடம்தான் அவனுக்குப் பயம் அதிகம்.

மாறன் வேங்கிக்கால் மெயின் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்து, வீடு கட்டுபவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவன். வயது முப்பத்தாறு. ஒன்பது வருஷமாக அவன் போட்ட பிளான்களை வைத்து மற்ற இன்ஜினியர்கள் வீடு கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அவனையும் கூப்பிட்டு கேசரி போட்டார்கள். நான் கட்டிய வீடு என்று கை காட்ட அவனுக்கு இந்த ஊரில் ஒரு குளியலறைகூடக் கிடையாது. 'மாறன் பில்டர்ஸ்' என்று பலகை மட்டும் எழுதி வாங்கி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

அந்தப் பலகையைத் திருப்பி மாட்ட வந்த தெய்வமாகத்தான் சகாதேவனை அவன் பார்த்தான். செங்கம் பக்கத்து விவசாயி. வேங்கிக்காலில் மனை வாங்கிப் போட்டிருந்தார். இரண்டு மாடி, ஏழு அறை. "கலரு முடிவாவட்டும், அப்புறம் கட்டற வேலைய பத்திப் பேசிக்கலாம்" என்று முதல் புதன்கிழமை சொல்லிவிட்டுப் போனார்.

இது ஏழாவது புதன்கிழமை.

கலர்தான் முடிவாகவில்லை. கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று வெயில், நிழலோடு கம்ப்யூட்டரில் ஒரு படம் வரும். தூணின் நிறத்தை மட்டும் மாற்றினாலும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் வெயிலை முதலிலிருந்து கணக்குப் போட ஆரம்பிக்கும். ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம். சந்தனம், அரக்கு, பிஸ்தா, கத்திரிப்பூ, மயில்கழுத்து, கிளிப்பச்சை என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு புதன்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக செங்கம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கும் இருவரும் வெயிலில் நடந்தே வந்து, கத்திரிப்பூ நிறத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

படம் வருகிற வரைக்கும் தம்பதி ஓரத்து சோபாவில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். மாறன் தண்ணீர் கொண்டு போனால் பேச்சு நின்றுவிடும். சகாதேவன் உள்ளே நுழையும்போதே செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். வெள்ளையம்மாள் தன் போன் அடித்தால் எடுத்து, யாரென்று பார்த்து, அடித்து ஓயட்டும் என்று மடியில் வைத்துக்கொள்வார்.

"என்னைப் பத்திதான் பேசறாங்க" என்று மாறன் முணுமுணுத்தான்.

அடுத்த மேஜையில் பிளான் வரைந்துகொண்டிருந்த சிந்துஜா நிமிராமலே பதில் சொன்னாள். அந்த அலுவலகத்தில் இருந்த மொத்த நிதானமும் அவளிடம்தான் இருந்தது.

"சிரிச்சிக்கிட்டுதான சார் பேசறாங்க?"

"அதான் பயமா இருக்குது. சிரிச்சிக்கிட்டே போறவங்க திரும்பி வர மாட்டாங்க."

"ஏழு வாரமா வந்துக்கிட்டுதான் இருக்காங்க."

மாம்பழ மஞ்சள் படம் வந்து சேர்ந்தது. வெள்ளையம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் கீது. ஆனா தம்பி, வெங்காயத் தோல் கலரு ஒண்ணு இருக்குதே, அதுல பாத்தா எப்டி இருக்கும்?"

"இப்பவே போட்டுக் காட்டறேன்மா. இன்னொரு முக்கா மணி நேரம்..."

வெள்ளையம்மாள் ஆசையோடு கணவரைப் பார்த்தார். சகாதேவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பால் கறக்கறதுக்குள்ள ஊடு போய்ச் சேரணும். அடுத்த புதன் வரோம் தம்பி."

மாறன் ஜன்னல் வழியாக அவர்கள் போவதைப் பார்த்தான். எதிர்ச்சாரியில் இன்னொரு இன்ஜினியர் புகழேந்தியின் ஆபீஸ் இருந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, வாசலில் பெரிய போர்டு: 'ஐந்தே நிமிடத்தில் உங்கள் இல்லம் கண்முன்னே!' தம்பதி அந்த போர்டின் அடியில் நின்றார்கள். சகாதேவன் அதைக் கை காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

மாறன் ஜன்னலைச் சாத்தினான்.

அன்று சாயங்காலமே பெரிய தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மணிக்கு போன் போட்டான்.

"புதுசு வாங்கிடுங்கண்ணே" என்றான் மணி, எடுத்த எடுப்பில்.

"அத வுடு. இருக்கறத வேகமாக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். உங்களுது பழைய மதர்போர்டு. பஸ் ஸ்பீடு நூத்தி முப்பத்தி மூணுல இருக்கும். அத ஏத்தினா மொத்தப் பெட்டியும் வேகமா ஓடும். ஆனா பொறுமையா பண்ணணும்ணே. அஞ்சஞ்சா ஏத்துங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாருங்க. ரேமும் கூடவே வேகமாயிடும், அத மட்டும் ஒரு படி கீழ எறக்கி வெச்சிடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, டிஸ்க்ல இருக்கறத வேற எடத்துல காப்பி எடுத்துருங்க."

பஸ் ஸ்பீடு என்பது பெட்டிக்குள் அடிக்கிற மேளம். அந்த மேளத்துக்குத்தான் உள்ளே எல்லாம் நடக்கும். மேளக்காரர் வேகத்தைக் கூட்டினால் சாமி தூக்குகிறவர்களும் வேகமாக நடக்க வேண்டும். ரேமும் அவர்களில் ஒரு ஆள். ஒருத்தருக்குக் கால் பின்னினாலும் சாமி சாயும். மணி இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாறன் கேட்டிருக்க மாட்டான்.

"ஞாயித்துக்கெழம நானே வரட்டுமாண்ணே?"

"வேணாம் வேணாம். நானும் இன்ஜினியர்தான்."

மணி சொன்னது நான்கு விஷயம். போனை வைத்தபோது மாறனின் நினைவில் ஏற்றுவது மட்டும்தான் பளிச்சென்று நின்றது. மற்றதெல்லாம் மங்கலாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, ஒழுங்கான பிள்ளையாகக் காப்பி எடுக்கத்தான் ஆரம்பித்தான். ஒன்பது வருஷ பிளான்கள். இன்னும் நான்கு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகும் என்று திரையில் வந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்றாள் சிந்துஜா.

"யோசிச்சிப் பாரு. மொதல்ல வேகத்தை ஏத்திட்டா, காப்பியும் வேகமா எடுக்கும் இல்ல? அரை நாள் மிச்சம்."

"காப்பி எடுக்கச் சொன்னது, ஏத்தும்போது ஏதாவது ஆயிடுச்சின்னாங்கறதுக்காகத்தான சார்?"

"ஒண்ணும் ஆவாது."

சிந்துஜா இழுப்பறையைத் திறந்து எதையோ சரிபார்த்துவிட்டு மூடினாள்.

மாறன் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, விசையைத் தட்டித் தட்டி, செட்டிங் மாற்றும் நீலத் திரைக்குள் நுழைந்தான். நூற்று முப்பத்து மூன்றை நூற்று நாற்பதாக்கினான். ஓடியது. மாம்பழ மஞ்சள் படத்தைப் போட்டுப் பார்த்தான். நாற்பத்து மூன்று நிமிஷம். வெள்ளிக்கிழமை நூற்று ஐம்பது. நாற்பது நிமிஷம்! ஒரு செலவில்லாமல் ஐந்து நிமிஷம் கம்மி. இந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் சகாதேவனுக்கே போன் போட்டான்.

போனில் குழந்தை அழும் சத்தம், டிவி சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், அதற்கு நடுவில் சகாதேவன்.

"ஐயா, நான் இன்ஜினியர் மாறன். ஒரு நல்ல சேதி. இனிமே படம் சீக்கிரம் வந்துரும். உங்கள காக்க வெக்க மாட்டேன்."

"அப்டிங்களா..." என்றார் சகாதேவன். "எதுக்கு தம்பி உங்களுக்குச் சிரமம்? இருக்கறதே போதுங்க."

மாறன் போனை வைத்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தான்.

"போதுமாம் சிந்து. 'இருக்கறதே போதும்'னு சொல்றாரு. கைகழுவிட்டாரு. புகழேந்திகிட்ட போயிட்டாங்க."

"அவர் அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே சார்."

"உனக்கு கிளையன்ட் பாஷை தெரியாது."

ஐந்து நிமிஷம் கம்மியானதெல்லாம் ஒரு கம்மியா? அஞ்சஞ்சாக ஏற்றச் சொன்ன மணியை மறந்து, சனிக்கிழமை காலை ஒரே தாவலாக நூற்று அறுபத்தைந்துக்குப் போனான்.

பெட்டி நீளமாக ஒரு முறை கூவியது. திரை கறுத்தது. மறுபடி போட்டால் மறுபடி கூவியது. மூன்றாவது தடவை கூவக்கூட இல்லை.

"மதர்போர்டுல ரூபாய் காசு மாதிரி ஒரு செல்லு இருக்கும்ணே" என்றான் மணி போனில். "அதக் கழட்டி, பத்து நிமிஷம் வெச்சிருந்து, மறுபடி போடுங்க. போட்ட செட்டிங் எல்லாம் அழிஞ்சி பழையபடி ஆயிடும்."

சிந்துஜாவின் ஹேர்பின்னால் செல்லை நெம்பினான். அது துள்ளி பீரோவுக்கு அடியில் ஓடியது. இருவரும் பீரோவை நகர்த்தித் தேடினார்கள். செல் கிடைத்தது. பலகை சாய்ந்து மாறனின் கால் கட்டைவிரலில் விழுந்தது. செல்லைப் போட்டதும் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. உயிர் பெற்றதே தவிர, எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பது அதற்கு மறந்துபோயிருந்தது. தேதி இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று. நீங்கள் இந்த மென்பொருளை இன்னும் வாங்கவே இல்லை என்று படம் போடும் மென்பொருள் கதவைச் சாத்தியது.

தேதியைச் சரிசெய்ததும் அது சமாதானமானது. நூற்று அறுபத்தைந்து ஒத்துவரவில்லை என்றால் நூற்று அறுபது ஒத்துவரும் என்று மாறன் தீர்மானித்தான். ரேமை ஒரு படி இறக்கச் சொன்னது மட்டும் இப்போதும் நினைவுக்கு வரவில்லை.

நூற்று அறுபது ஓடியது. ஜம்மென்று ஓடியது. முப்பத்தெட்டு நிமிஷத்தில் படம் வந்தது.

"பாத்தியா!" என்று மாறன் மேஜையைத் தட்டினான்.

சிந்துஜா எழுந்து வந்து பார்த்தாள். "செவுத்துல அது என்ன சார், பொட்டு பொட்டா?"

வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். மாறன் கைக்குட்டையால் திரையைத் துடைத்தான். புள்ளிகள் போகவில்லை. வேகமாக நடந்த யாருக்கோ உள்ளே கால் பின்னியிருந்தது.

"படத்தை விடு. ஃபைல் நல்லாதான இருக்கும்" என்று சகாதேவன் வீட்டு ஃபைலைத் திறந்தான். ஃபைல் பழுதாகியிருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் பவ்யமாகக் கேட்டது. சரிசெய் என்றான். செய்தது. தரைத்தளம் இருந்தது. மாடிப்படி இருந்தது. படி ஏறிப் போனால் மாடி இல்லை, வானம்தான் இருந்தது. ஏழு அறையில் மூன்றுதான் மிச்சம்.

மாறன் நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தான். ஏழு வாரம் செதுக்கிய வீடு. ஒன்பது வருஷத்தில் முதல் வீடு. புகழேந்தி தட்டிப் பறித்திருந்தால்கூட ஊரில் சொல்லி ஆறுதல் தேடலாம். தானே ஸ்பீடு ஏற்றித் தன் வீட்டை இடித்துக்கொண்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"காப்பி எடுத்திருக்கணும் சிந்து" என்றான் மெதுவாக.

சிந்துஜா இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இந்த வீட்டு ஃபைல மட்டும் புதன்கிழம சாயங்காலமே எடுத்தேன். நீங்க மணியண்ணன்கிட்ட 'நானும் இன்ஜினியர்தான்'னு சொன்னீங்க இல்ல, அப்போ."

மாறன் அந்தப் பென் டிரைவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தெட்டு நிமிஷத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவனால் எப்படி நிறுத்த முடியும்?

"சூடுதான் காரணம்" என்று அறிவித்தான். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். சோபாவுக்கு அருகில் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, பெட்டிக்குள் முழு வேகத்தில் காற்றடிக்க வைத்தான். போன ஆயுத பூஜைக்குப் பெட்டியின் நெற்றியில் அப்பிய சந்தனமும் குங்குமமும் உதிர்ந்து, அறை முழுக்கப் பறந்து, இருவரையும் தும்ம வைத்தது. ஃபேனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து இழுத்ததில் யுபிஎஸ் வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்த மாறன் டியூப்லைட்டை அணைத்தான். அப்புறம் சிந்துஜாவின் கம்ப்யூட்டரையும் அணைத்தான்.

"நான் எதுல சார் வரையறது?"

"கொஞ்ச நேரம் பென்சில்ல வரையேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் சிந்துஜா பென்சிலால் வரைந்தாள், தும்மல் வரும்போதெல்லாம் கோடு கோணலாகிக்கொண்டிருந்தது. திரையில் புள்ளிகள் முன்னைவிட ஜாஸ்தியாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மணி தானாகவே வந்துவிட்டான். அறையைப் பார்த்தான். திறந்து கிடந்த பெட்டி, அதன் முன்னால் ஃபேன், குங்குமம் படிந்த தரை. யாருக்கோ சாந்தி கழித்த இடம் போல இருந்தது. எதையும் தொடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, ரேம எறக்கினீங்களா?"

மாறன் மேலே பார்த்தான்.

மணி நீலத் திரைக்குள் போய் ரேமை ஒரு படி இறக்கினான். மின்சாரத்தைத் துளி கூட்டினான். பஸ் ஸ்பீடை நூற்று அறுபதிலேயே விட்டான். ஒரு நிமிஷ வேலை. டியூப்லைட்டைப் போட்டான். ஃபேனை எடுத்து சோபா பக்கம் வைத்தான். பெட்டியை மூடினான்.

"நாளைக்குப் பூரா சும்மா ஓட விட்டுப் பாருங்க. நின்னா நூத்தி அம்பத்தஞ்சுக்கு வந்துடுங்க. நிக்கலன்னா பத்திரமா இருக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இதத் தொடாதீங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

"நான் தொட மாட்டேன்" என்றான் மாறன், கட்டைவிரலைத் தடவியபடி.

திங்கட்கிழமை முழுக்க கம்ப்யூட்டர் ஓடியது. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை மாறன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், ஐ.சி.யு. வாசலில் உட்காருகிற முகத்தோடு. நிற்கவில்லை. தொங்கவில்லை. சகாதேவன் வீட்டை பென் டிரைவிலிருந்து எடுத்துப் போட்டு வெங்காயத் தோல் நிறத்தில் ஓட்டினான். சுத்தமான சுவர். முப்பத்தெட்டு நிமிஷம். இன்னொரு தடவை ஓட்டினான். அதே முப்பத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை நல்ல பிள்ளையாக ஒன்பது வருஷ பிளான்களையும் காப்பி எடுத்தான். நான்கு மணி நேரம் இருபது நிமிஷம் ஆனது.

"வேகமா எடுக்கும்னு சொன்னீங்களே சார்" என்றாள் சிந்துஜா.

"அது டிஸ்க்கோட வேகமாம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். மணி சொன்னான்."

"ஓ" என்றாள் சிந்துஜா. அந்த ஒரு எழுத்தில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாறனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்துவிட்டார்கள்! புகழேந்தியிடம் போகவில்லை!

சகாதேவன் வழக்கம்போல் போனை அணைத்துப் பையில் போட்டார். வெள்ளையம்மாள் புதுப் புடவையில் வந்திருந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை. வெங்காயத் தோல் படத்தை மாறன் தயாராகவே வைத்திருந்தான். அதை அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"நல்லாதான் கீது. ஆனா காம்பவுண்டு செவுரு மட்டும் ஒரு செங்கல் கலர்ல போட்டுப் பாக்கலாமா தம்பி?"

"தாராளமா பாக்கலாம்மா!" இவ்வளவு உற்சாகத்தை அவனிடம் அவர்கள் பார்த்ததே இல்லை. நிறத்தை மாற்றி, பொத்தானை அழுத்தினான். தம்பதி சோபாவில் உட்கார்ந்தார்கள். ஃபேன் அவர்கள் பக்கம் சுழன்றது. தாழ்ந்த குரலில் பேச்சு ஆரம்பித்தது.

மாறன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அறுபது சதவீதம். எண்பது. தொண்ணூற்றைந்து. பின்னால் சகாதேவன் ஏதோ ரசமான கட்டத்துக்கு வந்திருந்தார். "அப்போ நீ பாவாட சட்ட போட்டுகினு வாய்க்கா மேல நிக்கற. நான் சைக்கிள்ல வரேன்..." வெள்ளையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயா! வந்துருச்சி!" என்று மாறன் துள்ளி எழுந்தான். "முப்பத்தெட்டே நிமிஷம். முன்னைக்கு ஏழு நிமிஷம் கம்மி!"

சிரிப்பு நின்றது. வெள்ளையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார். அந்த முகம் வாடியதை மாறன் தெளிவாகப் பார்த்தான்.

"மெஷினு கெட்டுப் போச்சா தம்பி?"

"இல்லம்மா, வேகமாயிடுச்சி. ஒரு வாரமா இதுக்குத்தான் பாடுபட்டேன்."

"இனிமே எப்பவும் இப்டிதானா?"

"எப்பவும்! நிக்காது, தொங்காது, ஒரு ஃபைல் போவாது."

"பழையபடி ஆக்க முடியாதுங்களா?"

முக்கால் மணி நேரமும் பிடிக்கவில்லை, முப்பத்தெட்டு நிமிஷமும் பிடிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் இவர்களுக்கு எதுவுமே பிடிக்காது போலிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அந்த போர்டு அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"ஐயா, மனசுல இருக்கறத ஒடச்சிச் சொல்லிடுங்க" என்றான். "எதிர்ல புகழேந்தி சாரு அஞ்சு நிமிஷத்துல காட்டறாரு. என்னால அது முடியாது. நீங்க அங்க போறதா இருந்தா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சகாதேவன் நிதானமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவருகிட்டதான் தம்பி மொதல்ல போனோம். குடிச்ச தண்ணி டம்ளர கீழ வெக்கறதுக்குள்ள படம் வந்துடுச்சி. சரின்னு எழுந்து இங்க வந்துட்டோம்."

மாறன் சிந்துஜாவைப் பார்த்தான். சிந்துஜா பேனாவை மூடி வைத்துவிட்டு வேலையை நிறுத்திக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... கட்டற வேலை?"

"அது உங்களுக்குத்தான். மொத புதன்கெழமயே முடிவு பண்ணியாச்சி. சந்தன கலரே எங்களுக்குப் போதும்."

மாறன் சந்தோஷமா மயக்கமா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்புறம் எதுக்குங்க எட்டு வாரமா இந்தக் கலரு?"

வெள்ளையம்மாள் மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று தெரிந்தபின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எங்க ஊட்ல பதினாலு பேரு தம்பி, நானும் இவரும் மூஞ்சிய மூஞ்சி பாத்து முக்கா மணி நேரம் பேசணும்னா, வாரத்துக்கு ஒரு கலர மாத்தறத உட்டா வேற என்ன வழி கீது?"